காய்ச்சலை மறைக்க வேண்டாம்



நம் ராசிங்காபுரம் பக்கத்துப் பெண்கள் பலர் விடியற்காலையில் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாகக் கேரளாவின் ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறோம். அதனால் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு நோய் வந்தால் நாமும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படி நடந்த ஒன்றுதான் இந்த மாதப் பாடம்.

என்ன நடந்தது?

இடுக்கி மாவட்டம் தொடுபுழாவில் படித்த 23 வயது கல்லூரி மாணவர் ஒருவருக்கு நிபா காய்ச்சல் இருப்பது 2019 ஜூன் 4 அன்று உறுதியானது. முந்தின வருஷம்தான் கோழிக்கோடு, மலப்புரம் பக்கம் இதே நோயில் 17 பேர் இறந்திருந்தார்கள். நோயாளியைக் கவனித்த செவிலியர் லினியும் அதில் ஒருவர். ஜனங்கள் பயந்துபோனார்கள்.

ஆனாலும் விஷயத்தை மூடி மறைக்கவில்லை. கேரள சுகாதார அமைச்சர் கே.கே. சைலஜா அன்றே வெளிப்படையாக அறிவித்தார். அந்த மாணவருடன் பயிற்சிக்குப் போனவர் யார், பக்கத்தில் இருந்தவர் யார் என்று கணக்கெடுத்தார்கள். 300 பேருக்கு மேல் கண்காணித்தார்கள். வேறு யாருக்கும் நோய் தொற்றவில்லை. மாணவரும் குணமாகி ஜூலையில் வீடு திரும்பினார்.

நோய் எப்படி வருகிறது?

பழந்தின்னி வௌவாலிடம் இந்தக் கிருமி இருக்கிறது. வௌவால் கடித்த பழத்தைத் தின்றாலும், நோயாளியின் எச்சில், சளி, இரத்தம் பட்டாலும் தொற்றலாம். காய்ச்சல், தலைவலி, இருமல், வாந்தி வரும். முற்றினால் மூளையைத் தாக்கி, நினைவு தடுமாறும், வலிப்பு வரும். கடித்த தடம் உள்ள பழத்தை, கழுவினாலும் சாப்பிட வேண்டாம். நோயாளியைக் கவனிப்பவர் முகக்கவசம் போட்டு, சோப்பால் கை கழுவ வேண்டும்.

நமக்கு என்ன பாடம்?

"காய்ச்சல்னு சொன்னா ஜீப்புல ஏத்த மாட்டாங்க, கூலி போயிரும்" என்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் நம்மில் உண்டு. வயித்துப்பாட்டுக்காகத்தான் மறைக்கிறோம். ஆனால் நெருக்கி உட்கார்ந்து போகிற ஜீப்பில் இருக்கும் அத்தனை பேர் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். எல்லாக் காய்ச்சலும் நிபா இல்லை. டெங்குவாக இருக்கலாம், சாதாரணக் காய்ச்சலாகவும் இருக்கலாம். அதைச் சொல்ல வேண்டியது மருத்துவர், நாம் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது எங்கே வேலை பார்த்தோம், யாரோடு போனோம் என்பதையும் சொல்ல வேண்டும். அவசரத்துக்கு 108, ஆலோசனைக்கு 104.

உண்மையைச் சொன்ன பெண்ணை ஒதுக்கினால், அடுத்தவள் வாயைத் திறக்க மாட்டாள். அவள் வீட்டுக்குக் கஞ்சி கொடுத்து அனுப்புவோம். பெயரை ஊரெல்லாம் பரப்பாமல் இருப்போம்.

குழுக் கூட்டத்தில் பேச:

1. காய்ச்சலால் கூலி இழக்கும் உறுப்பினருக்கு உடனே உள்கடன் கொடுக்கத் தீர்மானம் போடலாமா?

2. நம் ஜீப்பில் தினமும் யார் யார் போகிறோம் என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பது யார் பொறுப்பு?

3. ஊரில் வதந்தி கிளம்பினால், கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டு வந்து சொல்லப்போவது யார்?

பேசி முடிவெடுத்து, தீர்மான நோட்டில் எழுதுங்கள் சகோதரிகளே.