சிறிய நாய்க்கு ஏன் தனிக் கணக்கு?

இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களில் கோடைக்காலத்து விடுமுறை நாட்களில் டெர்ரியர் வகை நாய்களை வளர்ப்போர் ஒன்றுகூடும் வழக்கம் உண்டு. கயிற்றில் கட்டி இழுக்கப்படும் மயிர்த்துண்டைத் துரத்திக்கொண்டு நாய்கள் ஓடும். குழாய் போன்ற சுரங்கங்களுக்குள் புகுந்து மறுபக்கம் வெளிவரும். இன்னொரு மூலையில் நடுவர் ஒருவர் ஒவ்வொரு நாயின் மார்பையும் இரு கைகளாலும் வளைத்துப் பிடித்துப் பார்ப்பார். நாய்க்காரர்கள் தங்களுக்குள் உணவு, பயிற்சி, நோய் என்று பேசிக்கொண்டேயிருப்பார்கள். அந்தப் பேச்சைக் கவனித்தால் ஒரு கருத்து அடிக்கடி தலைகாட்டும்: பெரிய நாய்க்குச் சொன்னதைச் சிறிய நாய்க்கு அப்படியே செய்யக்கூடாது.

ஏன் கூடாது? சிறிய நாய் என்பது பெரிய நாயைச் சுருக்கி வைத்தது தானே என்று நீங்கள் கேட்கலாம். இந்தக் கேள்விக்கு விடை சொல்ல விலங்கியல் ஆசிரியரை விட இயற்பியல் ஆசிரியனுக்கே அதிக உரிமை என்பது என் எண்ணம்.

கலிலியோ 1638இல் வெளியிட்ட 'இரு புதிய அறிவியல்கள்' என்ற நூலில் நாய்க்கும் ஓர் இடம் தந்திருக்கிறார். சிறிய நாயொன்று தன்னளவே உள்ள இரண்டு மூன்று நாய்களை முதுகில் சுமந்துவிடலாம். குதிரையோ தன்னளவுள்ள ஒரு குதிரையைக் கூடச் சுமக்க முடியாது என்பது அவர் கருத்து. காரணம் எளியது. ஓர் உருவத்தின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரு மடங்காக்குங்கள். அதன் பரப்பு 4 மடங்காகும். கன அளவு 8 மடங்காகும். எலும்பின் வலிமை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. எடையோ கன அளவைப் பொறுத்தது. ஆகவே உருவம் பெருகப் பெருக, தாங்கும் வலிமையைச் சுமை முந்திக்கொண்டு போகிறது. (எடை என்பதற்கு நிறை என்று சொல்வதே முறை. நாய் வளர்ப்போர் எடை என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன்; தேர்வில் நீங்கள் அப்படி எழுதிவிடாதீர்கள்.)

இனி நமது நாய்க்கு வருவோம். டெர்ரா என்னும் இலத்தீன் சொல்லுக்கு மண் என்று பொருள். அதிலிருந்து வந்ததே டெர்ரியர் என்ற பெயர். நரியைத் துரத்திக்கொண்டு மண்ணுக்குள் வளையில் புகுவதற்கென்றே வளர்க்கப்பட்ட நாய் இது. இவற்றுள் ஜாக் ரஸ்ஸல் டெர்ரியர் என்பது டெவன் பகுதியில் வாழ்ந்த ஜான் ரஸ்ஸல் என்ற பாதிரியாரின் பெயரைத் தாங்கியது. அவர் 1883இல் காலமானார். நாய்களைக் கொண்டு நரி வேட்டையாடுவதை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2004ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்தது. ஆனால் வளைக்கு ஏற்ற உடலமைப்பை இனத்தின் அடையாளமாக இன்றும் காக்கிறார்கள்.

நாய் இனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு இந்த இனத்திற்கு வகுத்துள்ள வரையறையில் சுவையான எண்கள் சில உள்ளன. தோள் உயரம் 25 முதல் 30 செ.மீ. இருக்கவேண்டும். முன்னங்கால் முட்டிக்குப் பின்னால் மார்பின் சுற்றளவு 40 முதல் 43 செ.மீ. இருக்கவேண்டும். எடை, ஒவ்வொரு 5 செ.மீ. உயரத்திற்கும் ஒரு கிலோ; அதாவது 25 செ.மீ. உயர நாய்க்கு 5 கிலோ, 30 செ.மீ. உயர நாய்க்கு 6 கிலோ.

கலிலியோவைப் படித்த நாம் இங்கே நிற்கவேண்டும். உயரம் 25இலிருந்து 30 ஆவது 1.2 மடங்கு. எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் வளர்ந்திருந்தால் எடை 1.2இன் மும்மடியாக, அதாவது 1.73 மடங்காக ஏறவேண்டும். 5 கிலோ நாய் 8.6 கிலோ ஆகவேண்டும். வரையறையோ 6 கிலோ என்கிறது. நாய் வளர்ப்போர் கணக்கில் தவறிவிட்டார்களா?

இல்லை. மார்புச் சுற்றளவைப் பாருங்கள். 40 முதல் 43 செ.மீ. என்பது ஏறத்தாழ மாறாத அளவு. மார்பை ஒரு வட்டமாகக் கொண்டால் அதன் விட்டம் சுமார் 13 செ.மீ. நாய் உயரமானது என்பதற்காக நரி தன் வளையை அகலமாகத் தோண்டி வைக்காதல்லவா? ஆகவே உயரம் ஏறலாம், நீளம் ஏறலாம், மார்பு பருக்கக்கூடாது. குறுக்குவெட்டுப் பரப்பு மாறாத ஒரு பொருளில் கன அளவு நீளத்திற்கு நேர்விகிதத்தில் மட்டுமே ஏறும். 5 கிலோவை 1.2ஆல் பெருக்கினால் சரியாக 6 கிலோ! எளிய நேர்விகித விதிக்குள் நரி வளையின் விட்டம் ஒளிந்துகொண்டிருக்கிறது. நடுவர் இரு கைகளாலும் மார்பை வளைத்துப் பார்ப்பதும் இதே அளவீடுதான். அளவுநாடா இல்லாமல் செய்யப்படுகிறது, அவ்வளவே.

அடுத்து வெப்பம். இதில்தான் சிறிய நாயின் உயிரே அடங்கியிருக்கிறது.

வெப்பம் உடலின் கன அளவு முழுவதிலும் உண்டாகிறது; வெளியேறுவதோ பெரும்பாலும் பரப்பின் வழியாக. சிறிய உடலில் ஒவ்வொரு கிலோவுக்கும் உரிய பரப்பு அதிகம். ஆகவே அது விரைவில் வெப்பத்தை இழக்கிறது. ஈடு செய்ய அதிகமாக எரிக்கவேண்டியிருக்கிறது. மாக்ஸ் ரூப்னர் என்ற ஜெர்மானிய அறிஞர் 1883இல் வெவ்வேறு அளவுள்ள நாய்களைக் கொண்டு இதை அளந்து காட்டினார். சுமார் 31 கிலோ எடையுள்ள நாய் ஒரு நாளில் கிலோவுக்கு ஏறத்தாழ 36 கிலோ கலோரி வெப்பம் உண்டாக்கியது. சுமார் 3 கிலோ நாயோ கிலோவுக்கு 88 கிலோ கலோரி உண்டாக்கியது. ஆனால் ஒரு சதுர மீட்டர் தோல் பரப்புக்கு எவ்வளவு என்று கணக்கிட்டபோது இரண்டும் நெருங்கி வந்தன. பிற்காலத்தில் மாக்ஸ் கிளைபர் என்பவர் இதைத் திருத்தி, ஓய்வுநிலை வெப்பம் எடையின் முக்கால் அடுக்குக்கு ஏற்ப மாறுகிறது என்று 1932இல் காட்டினார். கால்நடை மருத்துவர்கள் நாயின் உணவைக் கணக்கிட இன்றும் இந்த விதியையே பயன்படுத்துகிறார்கள். எடையின் முக்கால் அடுக்கை 70ஆல் பெருக்கினால் ஒரு நாளைய கிலோ கலோரி கிடைக்கும். 6 கிலோ டெர்ரியருக்கு 268 வரும். 40 கிலோ நாய்க்கு 1,113 வரும். கிலோவுக்கு என்று பார்த்தால் முன்னதற்கு 45, பின்னதற்கு 28. டெர்ரியர் சற்றும் ஓயாமல் தின்னக் கேட்கிறது என்று அலுத்துக்கொள்பவர்கள் இந்த எண்களைப் பார்க்கவேண்டும்.

குளிர்காலத்தில் டெர்ரியருக்குச் சட்டை போடுவதைக் கண்டு சிலர் சிரிப்பதுண்டு. அதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஆனால் இதே பரப்பு, சூழல் உடலைவிடச் சூடாகும்போது பகையாகிவிடுகிறது. அப்போது வெப்பம் உள்நோக்கிப் பாயும். சிறிய உடலை அது விரைவில் சூடாக்கும்.

2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வெயிலில் மூடி நிறுத்திய காரின் உள்வெப்பநிலையை அளந்தார்கள். வெளியே 22 டிகிரி செல்சியஸ் மட்டுமே இருந்த நாட்களும் அவற்றுள் அடங்கும். நமக்கு அது மார்கழிக் காலை. ஒரு மணி நேரத்தில் உள்வெப்பநிலை சராசரியாக 22 டிகிரி உயர்ந்தது. அந்த உயர்வில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணியிலேயே நிகழ்ந்துவிட்டது. கண்ணாடியைச் சிறிது இறக்கி வைத்தும் குறிப்பிடத்தக்க பயன் இல்லை.

அந்தக் காருக்குள் ஒரு டெர்ரியர் இருந்தால் என்ன ஆகும்? நாய்க்கு நம்மைப் போல உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. வாயைத் திறந்து இரைப்பதுதான் அதன் குளிர்விப்பான். நாக்கிலும் மூச்சுக்குழலிலும் உள்ள ஈரம் ஆவியாகும்போது ஒரு கிராம் நீர் சுமார் 580 கலோரி வெப்பத்தைக் கொண்டுபோகிறது. இதில் ஒத்ததிர்வும் இருக்கிறது: 1962இல் வெளியான ஓர் ஆய்வின்படி, நாய் நிமிடத்திற்கு ஏறத்தாழ 320 முறை இரைக்கிறது, மார்புக்கூட்டின் இயல்பான அதிர்வெண்ணும் ஏறத்தாழ அதுவே. ஊஞ்சலை அதன் தாளத்தில் தள்ளினால் சிறு விசை போதும் என்று படித்திருக்கிறீர்கள். நாய் தன் மார்பை அந்தத் தாளத்திலேயே ஆட்டுவதால் இரைப்பதற்கே பெருவெப்பம் உண்டாகாமல் தப்பிக்கிறது.

ஆனால் மூடிய காரில் காற்று சூடாகவும் நாயின் மூச்சாலேயே ஈரமாகவும் ஆகிவிடுகிறது. ஆவியாதல் தளர்கிறது. வெப்பம் சிறிதும் வெளியேறவில்லை என்றே வைத்துக்கொண்டு கணக்கிடுவோம். 6 கிலோ நாய் ஓய்வில் மணிக்குச் சுமார் 11 கிலோ கலோரி உண்டாக்குகிறது. உடலின் வெப்ப எண் சுமார் 0.83, அதன் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த 5 கிலோ கலோரி போதும். ஆக, வெளிவெப்பம் எதுவும் சேராமலேயே ஒரு மணியில் 2 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். 40 கிலோ நாய்க்கு இதே கணக்கில் 1.4 டிகிரி. நாயின் இயல்பான வெப்பநிலை சுமார் 38.5, 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. உள்ளே அஞ்சிக் குதிக்கும் நாய் ஓய்வு நிலையில் இருப்பதில்லை. அது உண்டாக்கும் வெப்பம் பன்மடங்கு. சூடான காற்றும் இருக்கைகளும் தரும் வெப்பம் வேறு. 'ஐந்து நிமிடத்தில் வந்துவிடுகிறேன்' என்று கதவைச் சாத்திப் போகிறவருக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

சாக்லேட்டின் கதையும் எடையின் கதைதான். இங்கே அடுக்கு எதுவும் வேண்டாம், வகுத்தல் போதும். சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் என்ற பொருளை நாயின் உடல் மெதுவாகவே சிதைக்கிறது. உடலெடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் சென்றால் வாந்தி, படபடப்பு முதலியன தொடங்கலாம், 40, 50 என்று ஏறினால் இதயம் பாதிக்கப்படும், 60இல் வலிப்பு. கறுப்புச் சாக்லேட்டில் கிராமுக்குச் சுமார் 5 மில்லிகிராம் உண்டு. 50 கிராம் கட்டி ஒன்றை 40 கிலோ நாய் தின்றால் கிலோவுக்கு 6 மில்லிகிராம். 5 கிலோ டெர்ரியர் தின்றால் 50.

இனி விளையாட்டு. தடைகளைத் தாண்டியும் சுரங்கத்தில் நுழைந்தும் ஓடும் 'அஜிலிட்டி' என்ற போட்டி, 1978இல் லண்டனில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. 35 செ.மீ.க்கும் குறைவான உயரமுள்ள நாய்களுக்குத் தடைக் கம்பிகளைத் தாழ்த்தி வைக்கிறார்கள். ஆனால் ஏற்ற இறக்கப் பலகை எல்லா நாய்க்கும் ஒன்றே. நடுவில் தாங்கிய நீண்ட பலகையில் நாய் ஒருபுறம் ஏறி, நடுவைக் கடந்து, மறுமுனை தரையைத் தொட்டபின் இறங்கவேண்டும்.

பலகை சாய்வதற்கு, தாங்குபுள்ளியிலிருந்து 90 செ.மீ. தொலைவில் ஒரு கிலோ வைக்கும் அளவு திருப்புத்திறன் வேண்டும் என்று கொள்வோம். 20 கிலோ நாய் தாங்குபுள்ளியை 4.5 செ.மீ. கடந்தாலே போதும். 5 கிலோ டெர்ரியர் 18 செ.மீ. போகவேண்டும். அதன் உடல் நீளத்தில் பாதிக்கு மேல்! அங்கே போனபிறகும் மீதித் திருப்புத்திறன் சிறிதாகையால் பலகை மெதுவாகவே இறங்கும். டெர்ரியரோ மெதுவாக நடக்கும் எதையும் பொறுக்காத பிராணி. பாதியில் குதித்துவிடும், அல்லது காலடி நழுவுவதைக் கண்டு மிரண்டு அடுத்த முறை ஏறவே மறுக்கும். எனவே பழக்குபவர்கள் முதலில் பலகையின் முனைக்கடியில் முட்டுக் கொடுத்து, இறங்கும் தூரத்தைச் சில அங்குலங்களாகக் குறைத்துவிடுகிறார்கள். பயம் தெளியத் தெளிய முட்டைத் தாழ்த்துகிறார்கள்.

சரியாகச் செய்த அந்தக் கணத்தை நாய்க்கு உணர்த்துவதும் முக்கியம். ஸ்கின்னர் என்ற உளவியல் அறிஞர் 1951இல் எழுதிய கட்டுரையில், 'டிக்' என்று ஒலிக்கும் விளையாட்டுப் பொருளை இதற்குப் பயன்படுத்தலாம் என்றார். முதலில் ஒலியோடு உணவைத் தந்து பழக்கினால் பிறகு ஒலியே பரிசின் முன்னறிவிப்பாகிவிடும். 10 மீட்டர் தொலைவுக்கு ஒலி செல்ல ஒரு வினாடியில் நூற்றில் மூன்று பங்குதான் ஆகும். கையில் இறைச்சித் துண்டோடு அதே தூரம் ஓடினால் இரண்டு மூன்று வினாடியாகும். அதற்குள் டெர்ரியர் வேறு நான்கு செயல்களைச் செய்து முடித்திருக்கும். எதற்காகப் பரிசு என்று அது எப்படி அறியும்?

நீங்களே செய்து பார்க்க ஒரு சோதனை. ஒரே வடிவமுள்ள சிறிய தம்ளர் ஒன்றும் பெரிய தம்ளர் ஒன்றும் எடுத்து, ஒரே வெப்பநிலையுள்ள வெந்நீரால் நிரப்புங்கள். ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை வெப்பமானியால் அளந்து வரைபடம் வரையுங்கள். ரூப்னரின் நாய்கள் அந்த இரு கோடுகளில் தெரியும்.

ஒரு கணக்கும் தருகிறேன். 30 செ.மீ. உயரமும் 6 கிலோ எடையும் உள்ள டெர்ரியரை வடிவம் மாறாமல் 60 செ.மீ. ஆக்கினால் எடை 48 கிலோ வரவேண்டும். ஆனால் ஏறத்தாழ 60 செ.மீ. உயரமுள்ள ஏர்டேல் டெர்ரியர் என்ற இனம் உண்மையிலேயே இருக்கிறது; அதன் எடை சுமார் 25 கிலோதான். இரு நாய்களின் படங்களையும் எதிரெதிரே வைத்து, கால் நீளத்தையும் மார்பின் ஆழத்தையும் அளவுகோலால் அளந்து, மீதி 23 கிலோ எங்கே போயிற்று என்று கண்டுபிடியுங்கள்.