மாதவிலக்கு நின்ற பிறகு ஹார்மோன் மருந்து: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பண்ருட்டியைச் சுற்றி, காடாம்புலியூர் வரைக்கும், முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகைகளில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் அவர்களில் ஏராளம். கொட்டையைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சிலிருந்து கழுத்துக்கும் முகத்துக்கும் குப்பென்று சூடு ஏறும். ரவிக்கை நனையும். இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கி, உடம்பு சில்லிட்டுப் போகும். ராத்திரியில் இதே தொல்லை தூக்கத்தைக் கெடுக்கும். மறுநாள் காரணமில்லாத எரிச்சலும் அசதியும் சேர்ந்துகொள்ளும்.

பன்னிரண்டு மாதம் தொடர்ந்து மாதவிலக்கு வராவிட்டால் அது முற்றாக நின்றுவிட்டதாக மருத்துவம் கொள்கிறது. இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் இது நேர்கிறது. மேலைநாட்டுப் பெண்களைவிட நாலைந்து ஆண்டு முன்னதாகவே. இந்தப் பருவத்துக்கு மருந்து உண்டு. ஆனால் அதைப் பற்றி ஊரில் உலவும் பேச்சு பாதி பயம், பாதி தவறு.

நம்பிக்கை: இது வெயிலும் பலாப்பழமும் தந்த சூடு. மோர் குடித்தால் தணிந்துவிடும்.

உண்மை: சினைப்பையில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறையும்போது, உடல் வெப்பத்தைச் சீராக வைக்கும் மூளைப் பகுதி சின்ன மாற்றத்துக்கே பதறிவிடுகிறது. உடனே தோலில் ரத்தக் குழாய்கள் விரிகின்றன, வியர்வை கொட்டுகிறது. பலாப்பழம் இதற்குப் பொறுப்பில்லை. கொதிக்கும் டீயும் காரமும் சிலருக்கு இதைத் தூண்டலாம், அவ்வளவே. நாலு மாதத்தில் போய்விடும் என்றும் சொல்ல முடியாது. இந்தத் தொல்லை அடிக்கடி வந்த பெண்களை அமெரிக்காவில் ஆண்டுக்கணக்கில் கவனித்த ஆய்வில், பாதிப் பேருக்கு அது ஏழு ஆண்டுக்கு மேல் நீடித்தது. இரவு வியர்வையோடு எடை குறைந்தாலும், இருமல் விடாமல் இருந்தாலும் காசநோய்க்கும் தைராய்டுக்கும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

நம்பிக்கை: ஹார்மோன் மாத்திரை போட்டால் புற்றுநோய் வரும்.

உண்மை: இந்தப் பயத்தின் வேர் 2002 ஜூலையில் இருக்கிறது. அமெரிக்காவில் 16,608 பெண்களை வைத்து நடந்த ‘விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ என்ற பெரிய ஆய்வு அப்போது பாதியில் நிறுத்தப்பட்டது. ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையை எடுத்தவர்களிடம் மார்பகப் புற்றுநோய் கூடியிருந்தது. எவ்வளவு? ஆண்டுக்குப் பத்தாயிரம் பெண்களில் மாத்திரை எடுக்காதவர்களுக்கு 30, எடுத்தவர்களுக்கு 38. ஆண்டுக்குப் பத்தாயிரத்தில் எட்டுப் பேர் அதிகம். அந்த ஆபத்து உண்மைதான், மறைக்கக் கூடாது. ஆனால் அந்தப் பெண்களின் சராசரி வயது 63. மாதவிலக்கு நின்று பல ஆண்டு ஆனவர்களே அதிகம். 48 வயதில் தூக்கமின்றித் தவிக்கும் பெண்ணுக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்த முடியாது. கர்ப்பப்பை எடுத்த பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த இன்னொரு பிரிவில் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. பக்கவாதம் கூடியது.

அறுபது வயதுக்குள், அல்லது மாதவிலக்கு நின்று பத்து ஆண்டுக்குள் தொடங்கினால், தொல்லை அதிகமுள்ள பெரும்பாலான ஆரோக்கியமான பெண்களுக்கு நன்மையே மிகுதி என்பதுதான் இன்றைய மருத்துவ நிலைப்பாடு.

நம்பிக்கை: அப்படியானால் எல்லோரும் போட்டுக்கொள்ளலாம். இளமை நிற்கும், மாரடைப்பு வராது.

உண்மை: இளமைக்கும் மாரடைப்பைத் தடுக்கவும் இது மருந்தல்ல. சூடேறுதல், இரவு வியர்வை, பிறப்புறுப்பு வறட்சி ஆகியவற்றுக்கு இது நல்ல மருந்து. எலும்பு தேய்வதையும் தடுக்கும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்தவர்கள், பக்கவாதமோ மாரடைப்போ கண்டவர்கள், கல்லீரல் நோய் தீவிரமாக உள்ளவர்கள், காரணம் தெரியாத உதிரப்போக்கு உள்ளவர்கள் இதை எடுக்கக் கூடாது.

நம்பிக்கை: எல்லாம் ஒரே மாத்திரைதான். பக்கத்து வீட்டு அக்காவின் சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கிக்கொள்ளலாம்.

உண்மை: இதைவிட ஆபத்தான யோசனை இல்லை. கர்ப்பப்பை உள்ள பெண் ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்தால் கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்து, புற்றுநோய் வரை போகலாம். அதைத் தடுக்கக் கூடவே புரொஜெஸ்டிரோன் வேண்டும். கர்ப்பப்பை எடுத்தவருக்குப் பொதுவாக ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். அக்காவுக்குச் சரியான சீட்டு தங்கைக்கு விஷமாகலாம். வடிவங்களும் பல. தோலில் தடவும் ஜெல்லும் ஒட்டும் பட்டையும் மாத்திரையைவிட ரத்தம் உறையும் ஆபத்து குறைந்தவை. வறட்சி, சிறுநீர் எரிச்சல் மட்டுமே தொல்லை என்றால் உள்ளே தடவும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் க்ரீமே போதும். அதில் உடம்பில் சேரும் ஹார்மோன் மிகக் குறைவு. இந்தத் தொல்லையை வெட்கத்தால் டாக்டரிடம்கூட வாய்விட்டுச் சொல்லாத பெண்கள் பலர். தாம்பத்தியத்தில் வலி என்பதும் சொல்ல வேண்டிய நோய்க்குறிதான்.

நம்பிக்கை: கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தொல்லை விட்டது.

உண்மை: சூடேறுவது கர்ப்பப்பையால் அல்ல. அறுவையில் சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால், பல ஆண்டுகளில் மெல்லக் குறைய வேண்டிய ஹார்மோன் ஒரே நாளில் அறுந்துபோகிறது. தொல்லை கடுமையாகும், எலும்பும் இதயமும் பாதிக்கப்படும். நாற்பதுக்கு முன் இப்படி நேர்ந்தவர்களுக்கு, தடை ஏதும் இல்லையென்றால், இயல்பாக நிற்கும் வயது வரையாவது ஹார்மோன் தருவதுதான் நியாயமான மருத்துவம். கர்ப்பப்பை எடுத்தவர்கள் ஒவ்வொருவரும் தம் டிஸ்சார்ஜ் சம்மரியில் சினைப்பை இருக்கிறதா, எடுத்தாயிற்றா என்று பார்த்துவைத்துக்கொள்ள வேண்டும்.

நம்பிக்கை: நின்ற பிறகு கொஞ்சம் பட்டால் அது கழிவு ரத்தம், நல்லதுதான்.

உண்மை: ஓராண்டு நின்றபின் ஒரு சொட்டுப் பட்டாலும் டாக்டரைப் பார்க்க வேண்டும். பலருக்கு வறட்சியோ சிறு சதை வளர்ச்சியோ காரணமாக இருக்கும். சிலருக்கு அது கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறி. சீக்கிரம் கண்டுபிடித்தால் குணமாக்கக் கூடியது.

நம்பிக்கை: ஹார்மோன் ஒத்துக்கொள்ளாதென்றால் வேறு வழியில்லை. நாட்டு மருந்துதான் கதி, அதில் பக்கவிளைவும் கிடையாது.

உண்மை: ஹார்மோன் இல்லாத மாத்திரைகள் உண்டு. மன அழுத்தத்துக்குத் தரும் சில மருந்துகள் குறைந்த அளவிலேயே சூடேறுவதைக் குறைக்கின்றன. சோயா சிலருக்குக் கொஞ்சம் உதவலாம். ஆனால் பெயரும் அளவும் தெரியாத சூரணம் கல்லீரலைக் கெடுக்கலாம். எலும்புக்குக் கேழ்வரகு, பால், காலை வெயில், தினமும் நடை எல்லோருக்கும் வேண்டும்.

பண்ருட்டிப் பக்கத்துப் பெண்கள் இதற்காகச் சென்னைக்கோ புதுச்சேரிக்கோ போக வேண்டியதில்லை. கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலும், சிதம்பரம் அண்ணாமலைநகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மகப்பேறு, மகளிர் நோய்ப் பிரிவுகள் உண்டு. போகும்போது ரத்த அழுத்தம், சர்க்கரை, பழைய ஆபரேஷன் சீட்டு, வீட்டில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் வந்த விவரம் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். மூன்று கேள்வி கேளுங்கள்: எனக்கு ஹார்மோன் ஒத்துக்கொள்ளுமா? எந்த வடிவம், எந்த அளவு? எப்போது மறுபரிசோதனை? தொடங்கினால் ஆண்டுக்கொரு முறையாவது டாக்டரைப் பார்த்து, இன்னும் தேவையா என்று முடிவு செய்யுங்கள். எடுப்பதும் வேண்டாமென்பதும் உங்கள் உரிமை. தெரியாமல் தவிப்பது மட்டும் வேண்டாம்.