காரின் கோளாறைக் கம்ப்யூட்டரில் கண்டுபிடிக்கலாம்

லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறும் மலைப்பாதையில் பழைய கார் நின்றுவிட்டால், பின்னால் வரும் வண்டிகளும் நின்றுவிடும். எனவே, புறப்படும் முன்பே உங்கள் லேப்டாப் மூலம் காரைச் சோதித்துக் கொள்ளுங்கள்.

இதற்கு இஎல்எம்327 என்ற யுஎஸ்பி அடாப்டர் தேவை. இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 கார்களுக்கு 2013 ஏப்ரல் முதல் ஓபிடி-2 கட்டாயம். அதற்கு முந்தைய கார்களில் சிலவற்றில் மட்டுமே இது வேலை செய்யும்.

1. ஸ்டியரிங்கிற்குக் கீழுள்ள 16 பின் சாக்கெட்டில் அடாப்டரைச் செருகி, இக்னிஷனை ஆன் செய்யவும். டிவைஸ் மேனேஜரில் போர்ட்ஸ் பிரிவில் தெரியும் காம் எண்ணையே ஸ்கேன் சாப்ட்வேரிலும் தரவும்.

2. பிழைக் குறியீடுகளை அழிக்கும் முன் எழுதி வைக்கவும். அழித்தால் கோளாறு சரியாகிவிடாது. பி0335 என்றால் கிராங்க் சென்சார் சர்க்யூட். பி0118 என்றால் கூலன்ட் வெப்ப சென்சார் சர்க்யூட்.

3. இரவு முழுக்க நின்ற காரில் கூலன்ட் வெப்பமும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பமும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். கூலன்ட் -40 டிகிரி எனக் காட்டுகிறதா? கம்பம் பள்ளத்தாக்கில் அப்படிக் குளிர் ஏது! ஒயர் அறுந்திருக்கலாம், கனெக்டர் கழன்றிருக்கலாம். சென்சார் வாங்கும் முன் இவற்றைப் பாருங்கள்.

4. ரிலே பழுதானால் பெரும்பாலும் குறியீடு வராது. இக்னிஷன் போட்டதும் பெட்ரோல் பம்ப் சத்தம் கேட்கவில்லை எனில், முதலில் பியூஸைப் பார்க்கவும். பின் இக்னிஷனை ஆப் செய்து, அதே பார்ட் நம்பர் கொண்ட வேறு ரிலேயை மாற்றிப் பாருங்கள். 85, 86 பின்கள் காயிலுக்கு. 30, 87 பின்கள் சுவிட்சுக்கு. 'டிக்' சத்தம் வந்தாலும் உள்ளே காண்டாக்ட் கருகியிருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம்.