வத்தும் பெருக்கும் பார்த்துப் போங்கள்: குட்மேய்ஸிலிருந்து சவுத்தெண்டுக்கு ஒரு நாள்

முதல் தடவை நாங்கள் சவுத்தெண்டுக்குப் போனபோது அங்கே கடலைக் காணவில்லை. கிழக்கு லண்டன் குட்மேய்ஸில் விடிய எழும்பி, இடியப்பமும் சம்பலும் கட்டி, இரண்டு பிள்ளைகளையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் இறங்கினால், கண்ணுக்கெட்டிய தூரம் சாம்பல் நிறச் சேறு. படகுகள் எல்லாம் ஒருக்களித்துப் படுத்துக் கிடந்தன. அம்மா காரைநகர்க்காரி. கசூரினாவில் இடுப்பளவு தெளிந்த தண்ணீரில் அரை மைல் நடந்து வளர்ந்தவர். சேற்றை ஒருதரம் பார்த்தார், என்னை ஒருதரம் பார்த்தார். "இதைக் காட்டவோ இவ்வளவு தூரம் கூட்டிவந்தனீ?"

பிழை கடலுடையது இல்லை, என்னுடையது. சவுத்தெண்ட் இருப்பது தேம்ஸ் ஆறு கடலோடு சேரும் வாயில். கரையோரம் ஆழமே கிடையாது. நாளுக்கு இரண்டு தரம் வத்து, இரண்டு தரம் பெருக்கு. வத்து நேரத்தில் தண்ணீர் ஒரு மைல் தூரம் வரை பின்வாங்கிப் போய்விடும். ஆறு மணித்தியாலம் கழித்து அதே தண்ணீர் நடைபாதைச் சுவரில் வந்து அடிக்கும். நேரமும் நாளுக்கு நாள் முக்கால் மணி, ஒரு மணி என்று தள்ளிக்கொண்டே போகும். ஆகவே ரெயின் நேரம் பார்க்க முதல் கடல் நேரம் பாருங்கள். கூகுளில் "சவுத்தெண்ட் டைட் டைம்ஸ்" என்று தேடினால் அந்தக் கிழமைக்கே வந்துவிடும். பெருக்கு உச்சத்துக்கு வருவதற்கு இரண்டு மணித்தியாலம் முன்பு கரையில் நிற்கிற மாதிரி வெளிக்கிடுங்கள். பகல் ஒரு மணி, இரண்டு மணிக்குப் பெருக்கு வரும் சனிக்கிழமை என்றால் வேறு வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

போகும் வழி இரண்டு. குட்மேய்ஸில் எலிசபெத் லைன் ஏறி ஷென்ஃபீல்ட் போய், அங்கே சவுத்தெண்ட் விக்டோரியா ரெயினுக்கு மாறுவது சுலபமான வழி. ஆனால் நான் சொல்லும் வழி மற்றது: ரொம்ஃபோர்டில் இறங்கி, அப்மின்ஸ்டர் போகும் குட்டி ஓவர்கிரவுண்டைப் பிடித்து (அரை மணிக்கு ஒன்று, தவறவிட்டால் குந்தியிருக்க வேண்டியதுதான்), அங்கே சி-டூ-சி ரெயின் ஏறி லீ-ஒன்-சீயில் இறங்குவது. ஒய்ஸ்டர் அட்டை ஷென்ஃபீல்ட்டுக்கு அப்பால் செல்லாது. இரண்டு வழி ரிக்கெற்றும் எப்போதும் ஒன்றுக்கொன்று செல்லும் என்றில்லை, ஆகவே ஒரு வழியால் போய் மற்ற வழியால் திரும்புவதென்றால் வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள். மூன்று பேரோ அதற்கு மேலோ போனால் குழுக் கழிவும் கேளுங்கள். சில ஞாயிற்றுக்கிழமைகளில் பாதை வேலை என்று சொல்லி பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். அவ்வளவுதான், காசுக் கதை போதும்.

சி-டூ-சியில் வலது பக்க யன்னலோரம் பிடியுங்கள். பென்ஃப்ளீட் தாண்டியதும் வீடுகள் ஒதுங்கி, உப்புப் புல்லும் சேற்று ஓடைகளும் ரெயினோடு சேர்ந்து ஓடிவரும். இடது பக்க மேட்டில் இடிந்து நிற்பது ஹாட்லி கோட்டை. 13ஆம் நூற்றாண்டில் கட்டியது. ஓவியர் கொன்ஸ்டபிள் 1829இல் அதை வரைந்து காட்சிக்கு வைத்தார். கால் பலம் உள்ளவர்கள் லீ ஸ்டேஷனில் இருந்து நடந்து போகலாம். நாங்கள் ரெயினுக்குள் இருந்தபடியே கும்பிட்டுவிட்டோம்.

எனக்கு இந்தப் பயணம் முழுவதுமே லீக்காகத்தான். ஸ்டேஷனில் இருந்து பத்து நிமிட நடை. ஊரின் மற்றப் பகுதியை ரெயில் பாதை வெட்டிப் பிரித்துவிட, தண்ணீரோரமாகத் தனியே தப்பிக் கிடக்கும் ஒற்றைத் தெருதான் பழைய லீ. முதலில் வருவது மட்டிக் கொட்டில்கள். வாசலில் நிற்கும்போதே குருநகர்க் கரை மணக்கும். ஆற்று வாயிலிருந்து பிடித்துவரும் மட்டியை அவித்துச் சதையை எடுத்து, சின்னக் கிண்ணத்தில் போட்டுத் தருவார்கள். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தளவு, செம்மஞ்சள் நாக்கோடு. மேலே வினாகிரியும் வெள்ளை மிளகுத்தூளும் போடுவது அவர்கள் வழக்கம். நான் வீட்டிலிருந்தே அரை எலுமிச்சையும் கடதாசிச் சரையில் கொஞ்சம் மிளகாய்த்தூளும் கொண்டுபோவேன். பிசைந்து இரண்டு வாய் போட்டும் ஒடியல் கூழில் கிடக்கும் மட்டி ஞாபகம் வராவிட்டால் என்னைக் கேளுங்கள். மண் இருக்கும், கடிக்கும்போது நறநறக்கும். அதற்கெல்லாம் முகம் சுளிப்பவர்கள் பக்கத்துக் கடையில் இறால் வாங்குங்கள். இன்னொரு கிண்ணம் வீட்டுக்கும் வாங்கலாம், ஆனால் ரெயினில் மூடியை இறுக்கி மூடுங்கள். அனுபவத்தில் சொல்கிறேன்.

இந்த மட்டிப் படகுகளுக்கு ஒரு கதை உண்டு. 1940இல் டன்கர்க் கரையில் ஜெர்மன் படைகளிடம் சிக்கிநின்ற சிப்பாய்களை ஏற்ற லீயிலிருந்து ஆறு மட்டிப் படகுகள் போயின. கரை ஆழமில்லாத இடத்துக்குப் பெரிய கப்பலால் போக முடியாது. சேற்றில் அடி தட்டி ஓடிப் பழகிய இந்தத் தட்டையான படகுகளால் முடிந்தது. ஐந்து திரும்பின. ரெனௌன் என்ற படகு வரும் வழியில் கண்ணிவெடியில் பட்டு, அதிலிருந்த நால்வரும் போய்விட்டார்கள். போன படகுகளில் ஒன்றான எண்டெவரைத் திருத்தி இங்கேயே வைத்திருக்கிறார்கள். பார்க்க ஏமாற்றமாக இருக்கும், நம் ஊர் வள்ளத்தை விடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். இதிலா அவ்வளவு பேரை ஏற்றினார்கள் என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.

லீயிலிருந்து கிழக்கே கடலோரமாக நடையைக் கட்டுங்கள். சவுத்தெண்டின் பெரிய கடற்பாலத்தடிக்கு மூன்று மைலுக்குக் கிட்ட வரும். பாதை தட்டையானது, சக்கர நாற்காலியும் பிள்ளை வண்டியும் சுகமாகப் போகும். அரைவழியில் சோக்வெல். ஸ்டேஷன் மேடைக்குக் கீழேயே கடல். குளிப்பதென்றால், கால் நனைப்பதென்றால் இங்கேதான். சனம் குறைவு. மணலில் ஒரு கல்தூண் நிற்கும், குரோ ஸ்டோன் என்பார்கள். தேம்ஸ் ஆற்றின் மேல் லண்டன் மாநகரத்துக்கு இருந்த அதிகாரம் இதோடு முடிகிறது என்று 1837இல் நட்ட எல்லைக்கல். இரண்டாம் தடவை சரியான நேரத்துக்கு வந்தபோது அம்மா இந்தக் கல்லடியில்தான் செருப்பைக் கழற்றினார். ஆடி அமாவாசைக்கு அடுத்த சனிக்கிழமை. சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழங்கால் வரை இறங்கி, இரண்டு கையாலும் தண்ணீர் அள்ளி விட்டார். அப்பாவுக்கு. கரையேறி வந்து, "கீரிமலைத் தண்ணி மாதிரி இல்லை, ஆனாலும் உப்புத்தான்" என்றார். அன்றைக்குப் பிறகு சேற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சேறு பற்றி ஒரு கண்டிப்பான பேச்சு. வத்து நேரத்தில் பிள்ளைகள் தூரத்தில் கிடக்கும் படகு வரை நடக்கக் கேட்பார்கள். விடாதீர்கள். பெருக்கு முன்னால் மட்டும் வராது, ஓடைகள் வழியாகச் சுற்றிக்கொண்டு உங்களுக்குப் பின்னாலும் வரும். சேறு காலைப் பிடித்தால் தனியாக இழுத்து எடுக்க முடியாது. கிழக்கே வேக்கரிங் பக்கத்தில் சேற்றுக்கு மேலால் ஃபௌல்னெஸ் தீவுக்குப் போகும் புரூம்வே என்ற பழைய பாதை இருக்கிறது. எத்தனையோ பேரைக் குடித்த பாதை, போதாததற்கு இராணுவத்தின் சூட்டுப் பயிற்சித் தளம். யூடியூபில் பார்த்துவிட்டு யாரும் வெளிக்கிட வேண்டாம். பெரிய மழை பெய்த அடுத்த நாள் கடலில் குளிப்பதையும் தவிருங்கள், கழிவுநீர் கலந்திருக்கலாம்.

வெஸ்ட்க்ளிஃப் தாண்டும்போது ரொஸியில் ஐஸ்கிறீம் வாங்குங்கள். 1932இலிருந்து விற்கிறார்கள். வனிலாவும் எலுமிச்சையும் பாதிப்பாதி. வேறு எதுவும் கேட்டு மினக்கெட வேண்டாம்.

அடுத்தது அந்தப் பெரிய பாலம். பியர் என்று சொன்னால்தான் எல்லோருக்கும் விளங்கும். 1.33 மைல், அதாவது இரண்டு கிலோமீற்றருக்கு மேல். உலாப்போகக் கட்டிய பியர்களில் உலகிலேயே நீளமானது. ஏன் இவ்வளவு நீளம் என்பதற்கும் அதே சேறுதான் காரணம். லண்டனில் இருந்து ஆட்களை ஏற்றிவந்த நீராவிக் கப்பல்களால் கரைக்குக் கிட்ட வர முடியவில்லை. கடல் வராவிட்டால் நாங்கள் போவோம் என்று 1830இல் மரத்தால் ஒன்று கட்டினார்கள். இப்போது நிற்கும் இரும்புப் பியர் 1889இல் திறந்தது. அதற்குப் பிறகு அது பட்ட பாடு கொஞ்சமில்லை: 1959, 1976, 1995, 2005 என்று நாலு தரம் தீப்பிடித்தது. 1986இல் ஒரு கப்பல் வந்து மோதி ஊடாக உடைத்துக்கொண்டு போனது. இரண்டாம் உலகப்போரில் கடற்படை இதை எடுத்துக்கொள்ள, 3,367 கப்பல் தொடரணிகள் இங்கிருந்து வெளிக்கிட்டன.

பியருக்கு மேலே குட்டி ரெயின் ஓடுகிறது. போகும்போது நடங்கள், வரும்போது ரெயினில் வாருங்கள். நான் ஒருதரம் திருப்பிச் செய்து பார்த்தபோது காற்று முகத்தில் அடித்தது. ரெயின்களில் ஒன்றுக்கு சேர் டேவிட் ஏமஸ் என்று பெயர். சவுத்தெண்டை மாநகரமாக்கு என்று பாராளுமன்றத்தில் ஓயாமல் கேட்ட எம்.பி. 2021 ஒக்டோபரில் லீயில் தொகுதி மக்களைச் சந்திக்கும்போது குத்திக் கொல்லப்பட்டார். 2022இல் மாநகரப் பட்டம் வந்தது.

அரைவழியில் நின்று பலகைகளின் இடுக்கால் கீழே பாருங்கள். தண்ணீர் ஓடுவது தெரியும். என் மகள் அதில் குப்புறப் படுத்துவிட்டாள், எழுப்பக் கால் மணித்தியாலம் சென்றது. முனையில் உயிர்காப்புப் படகு நிலையம் உண்டு, அதைத் தவறவிடாதீர்கள். வெயில் தெளிந்த நாளில் எதிர்க்கரையில் கென்ட் தெரியும். ஷியர்னெஸ் பக்கமாகத் தண்ணீருக்கு மேலே குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டு நிற்பவை ரிச்சர்ட் மொன்ட்கொமரி என்ற அமெரிக்கக் கப்பலின் கம்பங்கள். 1944 ஓகஸ்டில் மணலில் ஏறி உடைந்தது. சுமார் 1,400 தொன் வெடிமருந்து இன்னும் அதன் வயிற்றுக்குள் கிடக்கிறது. தூரக்கண்ணாடி இருந்தால் கொண்டுபோங்கள். காற்றுக் கடுமையான நாளில் பியரை மூடிவிடுவார்கள், அதையும் காலையிலேயே பார்த்துவிடுங்கள்.

பியரடியில் சாப்பாட்டுப் பார்சலைத் திறக்காதீர்கள். கடற்காகங்கள் அங்கே கூலிக்கு நிற்கிற மாதிரி நிற்கின்றன. மச்சாள் வாய்க்குக் கொண்டுபோன மிதிவெடி ரோல் பாதியில் பறந்துபோனது. உறைப்புத் தாங்காமல் கடற்காகம் திரும்பிவரும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம், வரவில்லை.

பியரிலிருந்து கிழக்கே போகும் விளையாட்டுக் கடைத் தெரு எனக்குப் பிடிக்காது. அங்கே நெம்புகோல் இழுக்கும் இயந்திரமும் பொம்மை கிள்ளும் இயந்திரமும்தான். மருமகன் ஒரு நீலக் கரடிக்காகப் பன்னிரண்டு பவுண் போட்டான். கரடி இன்னும் அங்கேதான் இருக்கிறது. 1901இல் திறந்த கெர்சால் என்ற கட்டடத்தின் குவிமாடத்தை வெளியே நின்று பாருங்கள், போதும். பிள்ளைகள் ராட்டினம் கேட்டு அழுதால் பியரடி அட்வென்ச்சர் ஐலண்டில் கைப்பட்டி வாங்கிக் கொடுங்கள். அதற்கு முழு நாளும் போகும், மற்றதெல்லாம் மறந்துவிடுங்கள்.

ஓகஸ்ட் பாங்க் ஹொலிடேயில் மட்டும் போகாதீர்கள், அதுவும் காரில். மச்சான் கேட்கவில்லை. ஒரு மணித்தியால ஓட்டம், ஏ127 தெருவில் இரண்டரை மணியாயிற்று. கடற்கரையில் கார் விட ஓர் இடம் இல்லை. கடைசியில் பின்தெருவில் ஒரு தனியார் கார் பார்க். காசு போடும் இயந்திரம் வேலை செய்யவில்லை, ஃபோனால் கட்டச் சொல்லி ஓர் அறிவித்தல். வெயிலில் பிள்ளைகள் கத்த, பின்னால் கார்கள் ஹோர்ன் அடிக்க, மச்சான் அவதிப்பட்டு கார் நம்பரை அடித்ததில் பூச்சியத்துக்குப் பதில் ஓ எழுத்து விழுந்துவிட்டது. காசு எடுபட்டது, ரசீதும் வந்தது. இரண்டு கிழமை கழித்து நூறு பவுண் தண்டம் என்று கடிதம். ரசீதை அனுப்பினோம், படம் எடுத்து அனுப்பினோம், மனிதர் யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. ஒரே வசனத்தில் மறுப்பு வந்தது. இன்றைக்கும் வீட்டில் கடற்கரை என்ற சொல்லை எடுத்தால் மச்சான் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போய்விடுவார்.

திரும்பும்போது சவுத்தெண்ட் விக்டோரியா ஸ்டேஷனுக்கு வாருங்கள். பக்கத்திலேயே விக்டோரியா அவெனியூவில் நகர அருங்காட்சியகம். திறந்திருக்கும் நாள் பார்த்துப் போங்கள். 2003இல் தெருவை அகலமாக்க முதல் கிண்டிப் பார்த்தபோது பிரிட்டில்வெல்லில் ஆறாம் நூற்றாண்டின் கடைசிப்பக்கத்து ஆங்கிலோ-சாக்சன் பிரபு ஒருவரின் புதைகுழி அகப்பட்டது. அதில் எடுத்தவை இங்கேதான் இருக்கின்றன. கண்களை மூடவோ என்னவோ வைத்த இரண்டு சின்னப் பொன் சிலுவைகளைத்தான் எல்லோரும் நின்று பார்க்கிறார்கள். நீங்கள் யாழ்க்கருவியின் எச்சத்தைப் பாருங்கள். அதன் பூண்களில் சிவப்புக் கல் பதித்திருக்கிறது. அந்தக் கல் இந்தியத் துணைக்கண்டத்துப் பக்கமிருந்து வந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அம்மா கண்ணாடிப் பெட்டிக்குக் கிட்டக் குனிந்து கனநேரம் பார்த்தார். "கல்லு நல்ல கல்லு" என்றார்.

ரெயின் ஏறியதும் நித்திரை கொள்ளாதீர்கள். விக்டோரியா ரெயின் ஷென்ஃபீல்ட்டில் நிற்கும், அங்கே எலிசபெத் லைனுக்கு மாற வேண்டும். நாங்கள் அசந்துபோனோம். கண் விழித்தபோது, யன்னலுக்கு வெளியே குட்மேய்ஸ் பெயர்ப்பலகை ஒரு கணம் மின்னி மறைந்தது. அந்த ரெயின் அங்கே நிற்காது. ஸ்ட்ராட்ஃபோர்ட் வரை போய், மட்டிக் கிண்ணத்தோடும் தூங்கி விழும் பிள்ளைகளோடும் மேடை மாறி, எல்லா ஸ்டேஷனிலும் நின்று நின்று திரும்பி வந்தோம்.