கடல் நீரின் உள்வெப்பமும் பருவமழையும்

வெப்பமண்டலக் கடல்களில் மேலே வெப்பமான நீரும், கீழே குளிர்ந்த நீரும் உள்ளன. இரண்டுக்கும் இடையே வெப்பநிலை விரைந்து குறையும் பகுதி ‘வெப்பச்சரிவு அடுக்கு’ எனப்படும். பசிபிக் மாக்கடலில் வியாபாரக் காற்றுகள் வெப்ப நீரை மேற்கே தள்ளுவதால், இவ்வடுக்கு மேற்கில் ஆழமாகவும், தென் அமெரிக்கக் கரையருகே ஆழம் குறைந்தும் அமைகிறது.

இக்காற்றுகள் தளரும்போது, மேற்கில் திரண்ட வெப்பம் நீருக்கடியில் கிழக்கு நோக்கிப் பரவுகிறது. அது மறுகரையை எட்ட இரண்டு, மூன்று மாதங்கள் ஆகும். அதன் பின்னரே கிழக்கில் மேற்பரப்பு வெப்பமடைந்து ‘எல் நினோ’ உருவாகிறது. எனவே, முன்னறிவிப்புக்கு அவகாசம் தருவது உள்நீரேயாகும்.

எல் நினோ ஆண்டுகளில் இந்தியாவில் தென்மேற்குப் பருவமழை குறையும் வாய்ப்பு மிகுதி. எனினும், 1997இல் மிக வலிய எல் நினோ இருந்தும் மழை இயல்பாகவே பெய்தது. 2002இல் மிதமான எல் நினோவின்போதோ ஏறத்தாழ 19 சதவீதம் குறைந்தது. 1997இல் சுமத்ரா கரையருகே வெப்பச்சரிவு அடுக்கு மேலெழுந்து கடல் குளிர்ந்தது. இந்து மாக்கடலின் மேற்குப் பகுதி வெப்பமடைந்தது. ‘இந்து மாக்கடல் இருமுனை’ எனப்படும் இந்நிலை, எல் நினோவின் பாதிப்பைத் தணித்தது என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

இன்று ஆர்கோ மிதவைகள் 2,000 மீட்டர் ஆழம் வரை வெப்பநிலையை அளந்து, பத்து நாட்களுக்கு ஒருமுறை செயற்கைக்கோள் வழியாக அனுப்புகின்றன. ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவைகள் மையம் இவ்விவரங்களைத் தொகுத்து வழங்குகிறது.

விதை, அணைநீர், தானிய இருப்பு ஆகியவற்றைத் திட்டமிடுவோருக்குச் சில வார அவகாசமும் பெரும்பயன் அளிக்கும். ஆனால், எல் நினோ ஒன்றையே கொண்டு வறட்சியை முடிவு செய்தல் பொருந்தாது. இரு கடல்களின் உள்வெப்பத்தையும் ஒருங்கே நோக்குதல் இன்றியமையாதது.