தொட்டி பெரிதாக இருந்தால்தான் ஆணி இறங்குமா?

கடலூரில் வீட்டுக் கதவு நிலைக்குத் தானே பீடிங் அடித்துக்கொள்ளலாம் என்று நெயில் கன் வாங்கக் கிளம்புகிறவருக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை, "சின்ன கம்ப்ரசர் தாங்காதுங்க, பெரிய டேங்கா எடுங்க" என்பதுதான்.

இந்த நம்பிக்கை பெயின்ட் வேலையிலிருந்து வந்திருக்க வேண்டும். ஸ்பிரே கன்னின் விசையை அழுத்தியிருக்கும் நேரமெல்லாம் காற்று போய்க்கொண்டே இருக்கும். நெயில் கன் அப்படியல்ல. ஓர் ஆணிக்கு ஒரு மூச்சு, அவ்வளவே. பீடிங்குக்குப் பொருத்தமான 18 கேஜ் துப்பாக்கி ஓர் ஆணிக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் காற்றைச் செலவிடும். 24 லிட்டர் தொட்டி 8 பாரிலிருந்து 5 பாருக்கு இறங்குவதற்குள் 72 லிட்டர் காற்று கிடைக்கிறது. அதாவது 48 ஆணி. ஏழடி உயரம், மூன்றடி அகலமுள்ள நிலையின் மூன்று பக்கமும் சேர்ந்து 17 அடி. எட்டு அங்குலத்துக்கு ஒன்று அடித்தால் 26 ஆணி போதும். தொட்டியை நிரப்பி மோட்டாரை அணைத்துவிட்டே ஒரு நிலையை முடித்துவிடலாம். சுவருக்குப் பெயின்ட் அடிக்கும் எண்ணமும் இருந்தால் மட்டுமே பெரிய இயந்திரத்துக்குப் பணம் போடுவதில் பொருள் உண்டு.

அழுத்தத்தைக் கூட்டினால் பிடிப்பும் கூடும் என்பார்கள். கூடாது. பத்து மில்லிமீட்டர் பீடிங்கில் 100 பிஎஸ்ஐ வைத்து அடித்தால் ஆணியின் சின்னத் தலை மரத்தைத் துளைத்து உள்ளே போய்விடும். ஓரங்களில் பீடிங் பிளக்கும். துண்டு மரத்தில் 70 பிஎஸ்ஐயில் தொடங்கி, தலை மேற்பரப்புக்குச் சற்றே கீழே உட்காரும் வரை ஐந்தைந்தாக ஏற்றுவதே சரி.

"துப்பாக்கி ஆணி நிக்காது" என்ற பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. ஐந்து தேர் ஓடும் சிதம்பரத்தில், மரவேலையின் பலம் கழுந்திலும் துளையிலும் இருக்கிறது என்பதைத் தச்சருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 18 கேஜ் துப்பாக்கி அடிக்கும், சுமார் 1.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிராட் ஆணி சுமை தாங்கப் பிறந்ததல்ல. நிலையையோ அலமாரிச் சட்டத்தையோ அதை நம்பிக் கோக்கக் கூடாது. பீடிங்கைப் பிடித்து நிற்பது பசை. பசை காயும்வரை நகராமல் பார்த்துக்கொள்வதே ஆணியின் வேலை. பீடிங் 10 மில்லிமீட்டர் என்றால் 30 மில்லிமீட்டர் ஆணி, அதாவது எஃப்30, எடுத்தால் 20 மில்லிமீட்டர் நிலைக்குள் இறங்கும்.

தேக்கில் அடித்த ஆணி துருப்பிடிக்காது என்பதும் வெறும் கதையல்ல. தேக்கின் இயற்கையான எண்ணெய்ப்பசை இரும்பைக் காப்பதால்தான் அந்த மரத்தைக் கப்பல் கட்டுகிறவர்கள் விரும்பினார்கள். ஆனால் கடையில் பீடிங்காக வருவதெல்லாம் வயிரம் பாய்ந்த தேக்கு அல்லவே! தலை இருப்பதோ மேற்பரப்பை ஒட்டி, மெல்லிய பட்டிப் பூச்சுக்கு அடியில். தேவனாம்பட்டினம் போலக் கடலை ஒட்டிய வீடுகளில் உப்புக்காற்று அதை எட்டிவிடும். அங்கே துத்தநாகம் பூசிய ஆணி, முடிந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆணி வாங்குவது நல்லது.

இந்தக் கரையோரத்துக்கு மிகவும் பொல்லாத நம்பிக்கை வேறொன்று: எண்ணெய் ஊற்றத் தேவையில்லாத கம்ப்ரசருக்குப் பராமரிப்பே வேண்டாம் என்பது. எண்ணெய் வேண்டாம்தான், தண்ணீரை யார் வெளியேற்றுவது? 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். 24 லிட்டர் தொட்டியை 8 பாருக்கு நிரப்பும்போது வெளிக்காற்று 200 லிட்டருக்கு மேல் உள்ளே அடைபடுகிறது. தொட்டி ஆறியதும் அதிலிருந்து ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவான தண்ணீர் அடியில் தங்கும். ஒரு நாளில் பத்து முறை நிரம்பினால் கால் டம்ளர் அளவாகிவிடும். தண்ணீர் அப்படியே கிடந்தால் இரும்புத் தொட்டி உள்ளிருந்து அரிக்கும். வெளியே பளபளக்கும் பெயின்ட் அதைக் காட்டிக்கொடுக்காது. அரித்து மெலிந்த தொட்டி அழுத்தத்தில் வெடிக்கவும் கூடும். வேலை முடிந்ததும் காற்றை இறக்கிவிட்டு அடித் திருகைத் திறந்து வைக்க ஒரு நிமிடம் போதும்.

வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பிளக் இல்லாதபோது கம்ப்ரசருக்கு மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரை நீட்டுவது வழக்கம். மின்னழுத்தம் குறைந்து, மோட்டார் கிளம்பவே திணறிச் சூடாகும். இயந்திரத்தைப் பிளக் அருகிலேயே வைத்துவிட்டுக் காற்றுக் குழாயை நீட்டலாம். நெயில் கன்னுக்கு 15 மீட்டர் குழாய் ஒரு தடையே இல்லை.