காவலும் குடிகளும்

கடல் கடந்து வாழும் நம்மவர் கூடுமிடத்து, "இங்கே வழி தவறினால் காவலரை நாடுகிறோம், ஊரிலோ பொருள் களவுபோயினும் காவல் நிலையம் புக அஞ்சுகிறோம்" என்பர். இதற்குக் குடிகளின் இயல்பே காரணமென்று கருதுதல் பொருந்தாது; காவல் எதன்பொருட்டு அமைக்கப்பட்டது என்பதை நோக்கல் வேண்டும்.

1829-இல் ராபர்ட் பீல் லண்டனில் நிறுவிய காவற்படை, குற்றம் நிகழாமற் காத்தலையே முதற் கடமையாகக் கொண்டது. போர்வீரரென்று மக்கள் அஞ்சாவண்ணம் நீல உடை தரித்தது. இந்தியாவின் 1861-ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டமோ 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடுத்துப் பிறந்தது. அயர்லாந்துக் காவற்படையை மாதிரியாகக் கொண்டு, ஆள்வோரின் ஆணைக்கு அடங்குமாறு காவலரை வகுத்தது.

எனினும் பிறப்பே முடிவன்று. முன்னர் ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த சிங்கப்பூர், 1983-இல் ஜப்பானியரின் 'கோபன்' முறையைத் தழுவிக் குடியிருப்புக்களின் நடுவே சிறு காவற்சாவடிகளை அமைத்தது. காவலர் வீடுதோறும் சென்று பழகினர். நம் உச்ச நீதிமன்றமும் 2006-இல், பிரகாஷ் சிங் வழக்கில், காவலரை அரசியற் குறுக்கீட்டினின்று விடுவிக்கவும், அவர்மீதெழும் முறையீடுகளை விசாரிக்கத் தனிக் குழுக்கள் அமைக்கவும் ஆணையிட்டது. அவ்வாணை இன்னும் முற்றும் நிறைவேறவில்லை. அயல்நாட்டைப் புகழ்ந்து அமைதலினும், அதனை நிறைவேற்றுமாறு கேட்டலே கற்றோர் கடனாம்.